வேலை தேடவும் பணம் வேணும்: தம்பி, தங்கையோட முதல் வேலைக்கு ஒரு பட்ஜெட்



ஏப்ரல், மே மாசம் வந்தாலே நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள் மாறிடும். வரி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் பின்னாடி போயிடும். "சார், தங்கச்சி பி.காம் முடிச்சுட்டா. ஒரு ஆஃபர் வந்திருக்கு, சேரலாமா?" "தம்பி பி.இ. முடிச்சு எட்டு மாசம் ஆச்சு, சென்னைக்கு அனுப்பி வைக்கலாமா?" "ரெண்டு வருஷம் பாண்ட் கேக்குறாங்க, கையெழுத்து போடலாமா?"

இதைக் கேக்கிறது பெரும்பாலும் படிச்சு முடிச்சவங்க இல்ல. அவங்களுக்கு அண்ணனாவோ அக்காவாவோ இருந்து, ரெண்டு மூணு வருஷமா சம்பளம் வாங்கிட்டு இருக்கிற நீங்கதான் கேக்குறீங்க. காரணமும் புரியுது. நிறைய வீடுகள்ல பேஸ்லிப்னு ஒண்ணைப் பார்த்த முதல் ஆள் நீங்கதான். அப்பா, அம்மா "எங்களுக்கு என்னப்பா தெரியும், நீயே பாத்து முடிவு பண்ணு"ன்னு சொல்லிடுவாங்க.

ரெஸ்யூமே எப்படி எழுதணும், இன்டர்வியூல எப்படிப் பேசணும்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா வேலை தேடுற அந்த மாசங்களுக்குப் பணம் எங்கேருந்து வரும்னு பெரும்பாலான வீடுகள்ல யாரும் உட்கார்ந்து கணக்கு போடுறதில்ல. நான் கம்பெனிகளோட பேரோல் கணக்குப் பார்க்கிற ஆள். அந்தப் பக்கத்துலேருந்து பார்க்கும்போது ஒண்ணு தெளிவா தெரியுது: ஒரே மார்க், ஒரே காலேஜ், ஒரே திறமை உள்ள ரெண்டு பேர்ல, இன்னும் மூணு மாசம் காத்திருக்க முடிஞ்சவன் நல்ல வேலையில சேர்றான். காத்திருக்க முடியாதவன் முதல்ல வந்த பாண்ட் பேப்பர்ல கையெழுத்து போடுறான்.

அதனால, வேலை தேடலை ஒரு செலவுத் திட்டமா எப்படிப் பார்க்கிறது, வர்ற ஆஃபரை எப்படிப் படிக்கிறதுங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

தேடலுக்கு எவ்வளவு ஆகும்?

உதாரணத்துக்கு, திருவாரூர் பக்கத்துலேருந்து ஒரு பையன் சென்னைக்கு வந்து வேலை தேடுறான்னு வெச்சுக்கலாம். கீழே இருக்கிறது என் கணக்கு. உங்க ஊர், உங்க ஏரியாவுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க.

மாசச் செலவு:
- ஷேரிங் பி.ஜி., சாப்பாட்டோட: ரூ.7,500
- பஸ், எலக்ட்ரிக் ட்ரெயின்: ரூ.1,200
- போன் ரீசார்ஜ்: ரூ.350
- சோப்பு, மருந்து, சில்லறைச் செலவு: ரூ.950
- மொத்தம்: ரூ.10,000

ஒரு தடவைச் செலவு:
- பி.ஜி. அட்வான்ஸ்: ரூ.7,500
- இன்டர்வியூ உடை, ஷூ: ரூ.3,500
- போட்டோ, பிரிண்ட், ஜெராக்ஸ்: ரூ.1,000
- மொத்தம்: ரூ.12,000

முதல் நாளே சென்னைக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வர வேண்டிய அவசியம் இல்ல. ஃபிரெஷர் வேலைகளுக்கு முதல் ரவுண்டு ஆன்லைன் டெஸ்டாவோ போன் காலாவோ இருக்கிற இடங்கள் நிறைய. அதனால முதல் ரெண்டு மாசம் ஊர்லயே இருந்து தேடட்டும். மாசம் ரூ.2,000 போதும். அதுக்கப்புறம் நாலு மாசம் சென்னை. ஆக ரூ.4,000 + ரூ.40,000 + ரூ.12,000 = ரூ.56,000. அவசரத்துக்கு ஒரு ரூ.4,000 சேர்த்து ரூ.60,000-ன்னு ரவுண்டா வெச்சுக்கோங்க.

இந்த நாலு மாசத்துல கடைசி மாசம் வேலையில சேர்ந்த பிறகு வர்ற மாசம். அதையும் ஏன் சேர்க்கணும்? மாசக் கடைசியில சேர்ந்தா, அந்தச் சில நாள் சம்பளம் பல கம்பெனிகள்ல அடுத்த மாசச் சம்பளத்தோட சேர்ந்துதான் வரும். "வேலை கிடைச்சிடுச்சு, இனி பிரச்சனை இல்ல"ன்னு வீட்ல பணம் அனுப்புறதை நிறுத்துற அந்த மாசம்தான் பையன் ரூம்மேட்கிட்ட கடன் வாங்குவான்.

ரூ.60,000 பெரிய தொகைதான். ஆனா தம்பி கடைசி வருஷம் படிக்கும்போதே, ஜூன் மாசம் நீங்க ரூ.5,000-க்கு ஒரு ஆர்.டி. போட்டா, அடுத்த மே மாசம் அந்தப் பணம் வட்டியோட ரெடியா இருக்கும். அவன் கையில சர்டிஃபிகேட் வர்றப்போ உங்க கையில பணமும் இருக்கும். உங்களால ரூ.2,500-தான் முடியும்னா அதையாவது போடுங்க. மூணு மாசம் காத்திருக்கிற பலம் கிடைக்கும்.

ரெண்டு விஷயம் மட்டும் செய்யாதீங்க. ஒண்ணு, இதுக்காக உங்க எமர்ஜென்சி ஃபண்டை உடைக்காதீங்க. உங்க வேலைக்கே ஏதாவது ஆச்சுன்னா வீட்ல ரெண்டு பேரும் ஒண்ணா மாட்டிப்பீங்க. ரெண்டாவது, பர்சனல் லோன், கிரெடிட் கார்டு வேண்டாம். கடன்ல நடக்கிற தேடல்ல தம்பி மேல தேவையில்லாத அழுத்தம் வந்துடும். முதல்ல கிடைச்சதைப் பிடிச்சுக்குவான். எதைத் தடுக்க நினைச்சோமோ அதுவே நடந்துடும்.

தங்கச்சிக்கும் இதே பட்ஜெட்தான். "பொண்ணைத் தனியா எப்படி அனுப்புறது"ங்கிற கேள்வியில நிறைய வீடுகள்ல தேடல் நின்னு போயிடுது. வேலை கிடைச்ச பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு 'தோழி' விடுதிகளை நடத்துது. கூடுவாஞ்சேரி, அடையாறு, திருச்சின்னு பல இடங்கள்ல இருக்கு. அப்பா, அம்மாவோட ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. பாதி கவலை அங்கேயே போயிடும்.

கல்விக் கடன் ஓடிக்கிட்டே இருக்கு

தம்பி பேர்ல கல்விக் கடன் இருந்தா, காத்திருக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு. வங்கிகள் பின்பற்றுற மாதிரித் திட்டத்தின்படி, படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் இ.எம்.ஐ. கட்ட வேண்டியதில்ல. ஆனா இ.எம்.ஐ. இல்லைன்னா வட்டியும் இல்லைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வட்டி அந்தக் காலத்துலயும் ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

ரூ.4 லட்சம் பாக்கி, வட்டி 10% என்றால், ஒரு மாசத்துக்கு சுமார் ரூ.3,333 வட்டி. அதே கடனை 7 வருஷத்துல அடைக்கிறதா இருந்தா இ.எம்.ஐ. சுமார் ரூ.6,640 வரும். அதனால தேடலை ஆரம்பிக்கும்போதே முதல் இ.எம்.ஐ. எந்த மாசம், எவ்வளவுன்னு கடன் கொடுத்த கிளையில கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. முடிஞ்சா இந்த இடைவெளியில வட்டியை மட்டுமாவது கட்டிட்டு வாங்க. முடியலைன்னா இ.எம்.ஐ. தவறுறதுக்கு முன்னாடியே மேனேஜரைப் போய்ப் பாருங்க. தவறின பிறகு போனா பேசுறதுக்கு இடம் குறைவு. அப்பா கூட்டுக் கடனாளியா கையெழுத்து போட்டிருந்தா அவர் சிபில் ஸ்கோரும் சேர்ந்து அடிபடும்.

காத்திருக்கிற மாசம் சும்மா இருக்கிற மாசம் இல்ல

பணம் கொடுத்துட்டு "தேடிக்கிட்டு இரு"ன்னு விட்டுட்டா ஆறு மாசம் பறந்துடும். அதனால எங்க தொழில்ல பண்ற மாதிரி ஒரு கணக்குப் புத்தகம் போடச் சொல்லுங்க. ஒரு ஷீட், அஞ்சு காலம் போதும்: எந்தத் தேதியில, எந்தக் கம்பெனிக்கு, எந்த வேலைக்கு விண்ணப்பிச்சான், பதில் வந்ததா, எந்த ரவுண்டுல நின்னுச்சு.

இருபத்தஞ்சு முப்பது விண்ணப்பம் ஆனதும் அந்த ஷீட்டே என்ன பிரச்சனைன்னு சொல்லிடும். எங்கேருந்தும் பதிலே இல்லைன்னா ரெஸ்யூமேல கோளாறு, இல்ல பொருந்தாத வேலைகளுக்குப் போட்டுக்கிட்டு இருக்கான். ஆன்லைன் டெஸ்ட்லயே நிக்குதுன்னா கணக்கு, லாஜிக் பயிற்சி போதல. டெஸ்ட் தாண்டி முதல் இன்டர்வியூல நிக்குதுன்னா, படிச்ச விஷயத்தை வாய்விட்டுச் சொல்ற பழக்கம் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. "இன்னும் நல்லா ட்ரை பண்ணு"ங்கிறது எதுக்குமே மருந்து இல்ல.

நீங்க செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி பணம்கூட இல்ல, உங்க நேரம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் போன்ல மாக் இன்டர்வியூ எடுங்க. உங்க கம்பெனியில ரெஃபரல் இருந்தா ரெஸ்யூமேயை உள்ளே கொடுங்க. உங்க கம்பெனியில இல்லைன்னா உங்க காலேஜ் செட்டு எங்கெங்க இருக்காங்கன்னு யோசிங்க.

சும்மா இருக்காம சம்பாதிச்சுக்கிட்டே காத்திருக்க ஒரு வழி, மத்திய அரசோட தேசியத் தொழிற்பயிற்சித் திட்டம். பட்டம், டிப்ளமோ முடிச்சவங்களுக்குக் கம்பெனிகள்ல பயிற்சி, மாசா மாசம் உதவித்தொகை, முடிவுல சான்றிதழ். குறைந்தபட்ச உதவித்தொகையில பாதியை மத்திய அரசு ஏத்துக்குது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியத்தோட அலுவலகம் சென்னையிலதான் இருக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: பயிற்சியாளர் ஊழியர் கிடையாது. பி.எஃப். பிடிக்க மாட்டாங்க, பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னும் இல்ல. அதைப் புரிஞ்சுக்கிட்டு சேர்ந்தா, வெறுமையா இருக்கிற ரெஸ்யூமேக்கு இது நல்ல தொடக்கம்.

தமிழ்நாடு அரசோட 'நான் முதல்வன்' திட்டத்துல திறன் பயிற்சிகள் இருக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்துற தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. "அங்கெல்லாம் நல்ல வேலை வராது"ன்னு ஒதுக்க வேண்டாம். ஒரே நாள்ல நாலு இன்டர்வியூ பழக்கம் கிடைச்சாலே லாபம்தான்.

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அது நல்ல இலக்கு. ஆனா அதுக்கும் பட்ஜெட்டும் முடிவுத் தேதியும் வேணும். "இந்த ரெண்டு தேர்வு, இந்தத் தேதி வரைக்கும், அதுக்கப்புறம் வேலை பார்த்துக்கிட்டே படிப்பேன்"னு முன்கூட்டியே வீட்ல பேசி முடிவு பண்ணிட்டா, பின்னாடி யாரும் யாரையும் குத்திக் காட்ட வேண்டியிருக்காது.

ரூ.30,000 எப்படி ரூ.22,070 ஆகுது?

சரி, ஆஃபர் வந்துடுச்சு. சிடிசி வருஷத்துக்கு ரூ.3.6 லட்சம். வீட்ல எல்லாரும் 12-ஆல வகுத்து "மாசம் முப்பதாயிரம்"னு சொந்தக்காரங்களுக்கு போன் போட்டுடுவாங்க. ஒரு மாதிரி ஆஃபரைப் பிரிச்சுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் மாசம் ரூ.15,000-ன்னு வெச்சுக்கலாம்.

- சிடிசி: ரூ.3,60,000
- கழிக்க: வேரியபிள் பே 10%: ரூ.36,000
- கழிக்க: கம்பெனி தரப்பு பி.எஃப்., மாசம் ரூ.1,800 வீதம்: ரூ.21,600
- கழிக்க: கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளத்துல 4.81%: ரூ.8,658
- கழிக்க: குரூப் இன்ஷூரன்ஸ்: ரூ.4,800
- மீதி: ரூ.2,88,942, அதாவது மாசம் ரூ.24,078

இதுல உங்க தம்பியோட பங்கு பி.எஃப். ரூ.1,800 போகும். சென்னையில தொழில் வரி அரை வருஷத்துக்கு ரூ.1,250, அதாவது மாசத்துக்கு சுமார் ரூ.208. கையில வர்றது ரூ.22,070. வருமான வரி பத்தி இந்தச் சம்பளத்துல கவலைப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில, சம்பளம் மட்டுமே வருமானமா இருக்கிறவங்களுக்கு ரூ.12.75 லட்சம் வரை வரி இல்ல.

பி.எஃப். போனதை நஷ்டம்னு நினைக்காதீங்க. ரெண்டு தரப்பும் சேர்ந்து மாசம் ரூ.3,600, அது அவனோட பணம். ஆனா வேரியபிள் பே வேற கதை. அது "கிடைக்கலாம்", கண்டிப்பா வரும்னு நம்பி இ.எம்.ஐ. போடக் கூடாது. கிராஜுவிட்டி பொதுவா அஞ்சு வருஷம் வேலை பார்த்தாதான் கைக்கு வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்ல, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி தகுதி வருது. ஒப்பந்த வேலைன்னா இதை எச்.ஆர்.கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. ஊழியருக்கு நியமனக் கடிதம் கொடுக்கிறதும் அதே சட்டத்துல கட்டாயம். "லெட்டர் எல்லாம் மூணு மாசம் கழிச்சு தர்றோம்"னு சொன்னா உஷாரா இருங்க.

ஆஃபர் வந்ததும் எச்.ஆர்.க்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க: "என்னோட மாத டேக் ஹோம் எவ்வளவு? வேரியபிள் எப்போ, எந்த அடிப்படையில தருவீங்க? பிடித்தங்கள் என்னென்ன?" இதைக் கேட்டா ஆஃபர் போயிடுமோன்னு பயப்படுறாங்க. மரியாதையா கேட்ட மூணு கேள்விக்காக ஆஃபரை வாபஸ் வாங்குற கம்பெனியில சேர்ந்தா மட்டும் என்ன நிம்மதி இருக்கப் போகுது?

சிடிசி பெருசா, மிச்சம் பெருசா?

மேலே பார்த்த சென்னை ஆஃபரோட, சொந்த ஊர்லேருந்து தினம் போய்வர்ற தூரத்துல மாசம் ரூ.20,000 சம்பளத்துல இன்னொரு ஆஃபர் இருக்குன்னு வெச்சுப்போம். அடிப்படைச் சம்பளம் ரூ.12,000. பி.எஃப். ரூ.1,440. சம்பளம் ரூ.21,000-க்குள்ள இருக்கிறதால இ.எஸ்.ஐ. உண்டு: 0.75%, அதாவது ரூ.150. தொழில் வரிக்கு ரூ.208 போட்டுக்குவோம். கையில ரூ.18,202.

சென்னையில வேலையோட வாழுற செலவு மாசம் ரூ.13,000-ன்னா மிச்சம் ரூ.9,070. ஊர்ல வீட்டுக்கு ரூ.5,000 கொடுத்து, பஸ்ஸுக்கு ரூ.1,000 செலவு பண்ணா மிச்சம் ரூ.12,202. சின்ன ஆஃபர்ல மாசம் மூணாயிரத்துக்கு மேல கூடுதல் மிச்சம். வருஷத்துக்கு சுமார் ரூ.37,500.

அப்போ ஊர் வேலைதான் சரின்னு சொல்ல வரல. இந்த ரூ.37,500-ஐ விட்டுட்டு சென்னைக்குப் போறதால பதிலுக்கு என்ன கிடைக்குதுன்னு கேக்கச் சொல்றேன். அந்த வேலையில ஒன்றரை வருஷம் கழிச்சு ரெஸ்யூமேல எழுத என்ன இருக்கும்? புதுசா எந்த சாஃப்ட்வேர், எந்த மெஷின், எந்த வேலை கத்துக்குவான்? உருப்படியான பதில் இருந்தா அந்தப் பணம் படிப்புச் செலவு மாதிரி, தாராளமா போகலாம். "சென்னையில இருக்கேன்னு சொல்லிக்கலாம்"ங்கிறது மட்டும்தான் பதில்னா, வருஷத்துக்கு ரூ.37,500 ரொம்ப அதிகம்.

பாண்டுக்கும் ஒரு விலை இருக்கு

"பாண்ட் எல்லாம் கோர்ட்ல செல்லாது, பேசாம கையெழுத்து போட்டுடு"ன்னு நண்பர்கள் சொல்வாங்க. இந்த அட்வைஸை நம்பாதீங்க. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்கு முன்னாடி விலகினா ரூ.2 லட்சம் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. அது பொதுத்துறை வங்கி. அதோட ஆள்சேர்ப்பு முறை, செலவு எல்லாம் கணக்குல எடுக்கப்பட்டது. அதுக்காக ஒவ்வொரு தனியார் பாண்டும் அப்படியே செல்லும்னும் அர்த்தம் இல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்துல எழுதின தொகை உச்சவரம்புதான். அதுக்குள்ள நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். கம்பெனி உண்மையிலேயே பயிற்சிக்குச் செலவு பண்ணியிருக்காங்கிறது முக்கியமான கேள்வி.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாண்டுக்கு விலை போட்டுப் பாருங்க. ரெண்டு வருஷ பாண்ட். ஒரு வருஷ அனுபவத்துக்கு வெளியே மாசம் ரூ.8,000 கூடுதலா கிடைக்கும்னு வெச்சுக்கோங்க. அப்போ ரெண்டாவது வருஷம் அங்கேயே இருக்கிறதோட விலை ரூ.96,000. பதிலுக்கு அவங்க கொடுக்கிற பயிற்சி அந்த அளவுக்கு மதிப்பு உள்ளதா? ஆமான்னா கையெழுத்து போடலாம். ரெண்டு வாரம் பி.பி.டி. காட்டுறதுதான் பயிற்சின்னா, காலத்தையோ தொகையையோ குறைக்கச் சொல்லிக் கேளுங்க. ஃபிரெஷருக்கு சம்பளத்துல பேரம் பேச இடம் குறைவு. பாண்ட் தொகை, சேர்ற தேதி, வேலை பார்க்கிற ஊர் இதுலெல்லாம் சில சமயம் இடம் இருக்கும்.

ரெண்டு விஷயத்துக்கு மட்டும் எந்த நிலையிலயும் ஒத்துக்காதீங்க. ஒண்ணு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை ஒப்படைக்கிறது. காட்டலாம், சரிபார்த்ததும் கையோட வாங்கிட்டு வந்துடணும். ஒரிஜினல் அவங்ககிட்ட இருந்தா அடுத்த வேலைக்கு எதைக் காட்டுவான்? இன்னொண்ணு, தொகை எழுதாத, கையெழுத்து போட்ட செக். செக் பவுன்ஸ் ஆனா செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவுல வழக்கு வரலாம். அதுக்கு ரெண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப் போல ரெண்டு மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் இருக்கு. கடைசியில ஜெயிச்சாலும், 22 வயசுல கோர்ட்டுக்கு அலையிறதே பெரிய தண்டனை.

வேலைக்குப் பணம் கேட்டா

ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் கட்டணம், "பேக் டோர் வேலை, ரெண்டு லட்சம் கொடுங்க". பேர் எதுவா இருந்தாலும் விதி ஒண்ணுதான்: சம்பளம் கொடுக்க வேண்டியவங்க நம்மகிட்ட பணம் கேட்டா அங்கே வேலை இல்ல. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னாதான் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு.

"வேலை உத்தரவாதம்"னு சொல்ற கோர்ஸ்கள்ல ஒரு நுணுக்கம் உண்டு. கட்டணத்தை இ.எம்.ஐ.யா கட்டலாம்னு சொல்லி, ஒரு நிதி நிறுவனத்துல தம்பி பேர்ல கடன் போட்டுடுவாங்க. வேலை கிடைக்கலைன்னாலும், கோர்ஸே பாதியில நின்னாலும் கடன் கடன்தான். ஓ.டி.பி. சொல்றதுக்கு முன்னாடி, கடன் வாங்குறது யார், கடன் கொடுக்கிறது யார், எந்த நிபந்தனையில பணம் திரும்ப வரும்னு எழுத்துல வாங்குங்க.

வெளிநாட்டு வேலைன்னா, ஏஜென்ட் மத்திய அரசோட இ-மைக்ரேட் இணையதளத்துல பதிவு பெற்றவரான்னு பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ரூ.30,000, அதோட ஜி.எஸ்.டி. "டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்"னு சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க. டேட்டா என்ட்ரி வேலைன்னு நம்பி மியான்மர், கம்போடியா போய், ஆன்லைன் மோசடிக் கும்பல்கள்கிட்ட மாட்டிக்கிட்டவங்கள்ல நம்ம ஊர்ப் பசங்களும் இருக்காங்க.

கம்பெனியை பத்து நிமிஷத்துல சரிபார்க்க

ஆடிட்டர்ங்க செய்யறது உங்களாலயும் முடியும், எல்லாம் இலவசம்.

1. கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தோட இணையதளத்துல கம்பெனி பேரைத் தேடுங்க. பதிவு ஆகியிருக்கா, எப்போ ஆரம்பிச்சது, இப்போ செயல்பாட்டுல இருக்கான்னு தெரியும். கூட்டாண்மை, தனி உரிமையாளர் நிறுவனம்னா இங்கே இருக்காது. ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி ஜி.எஸ்.டி. இணையதளத்துல பாருங்க.

2. இ.பி.எஃப்.ஓ. இணையதளத்துல நிறுவனத் தேடல்னு ஒரு வசதி இருக்கு. கம்பெனி எந்தெந்த மாசத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில பி.எஃப். கட்டியிருக்குன்னு பார்க்கலாம். "எங்ககிட்ட ஐந்நூறு பேர் வேலை பார்க்கிறாங்க"ன்னு சொல்ற இடத்துல பன்னிரண்டு பேருக்குத்தான் பி.எஃப். போகுதுன்னா ஏன்னு கேளுங்க. மாசா மாசம் தாமதமா கட்டுற கம்பெனியில சம்பளமும் தாமதமாக வாய்ப்பு அதிகம்.

3. ஆஃபர் லெட்டர் வந்த மெயில் முகவரி கம்பெனியோட சொந்த டொமைனா, ஜிமெயிலான்னு பாருங்க. சந்தேகம்னா கம்பெனி இணையதளத்துல இருக்கிற எண்ணுக்கு நீங்களே போன் பண்ணி விசாரிங்க. லெட்டர்ல இருக்கிற எண்ணுக்கு வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்ல கடைசி வருஷம் படிக்கிற தம்பியோ தங்கையோ இருந்தா இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. அப்பா, அம்மாவும் கூட இருக்கட்டும். நாலே நாலு விஷயத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க: தேடலுக்கு எத்தனை மாசம், மாசம் எவ்வளவு பணம், கல்விக் கடனோட முதல் இ.எம்.ஐ. எப்போ, எந்தத் தேதியில உட்கார்ந்து மறுபடி பேசப் போறோம். பணத்தை மொத்தமா கொடுக்காம மாசா மாசம் அவங்க கணக்குக்கு அனுப்புங்க. அதுக்கு தினம் போன் போட்டு "என்ன ஆச்சு"ன்னு கேக்காதீங்க. ஷீட்டைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.

ஆறு மாசம் முடிஞ்சும் நல்ல வேலை கிடைக்காமப் போகலாம். அப்போ கிடைக்கிற வேலையில சேரட்டும், தப்பே இல்ல. நிறைய பேரோட இரண்டாவது வேலைதான் நல்ல வேலை. ஆனா பாண்ட் இல்லாம, கடன் இல்லாம, ஒரிஜினல் சர்டிஃபிகேட் தன் கையிலயே இருக்க அவன் சேரணும். அப்போதான் அந்த இரண்டாவது வேலையை நோக்கி அவனால நகர முடியும்.

டேக் ஹோம் கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு இந்தப் பதிவோட வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க வீட்டுக்கு வந்த ஆஃபரோட எண்களை அதுல போட்டுப் பாருங்க. சந்தேகம் வந்தா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க. அப்போ கேட்டாதான் பதில் உபயோகப்படும். அடுத்த பதிவுல சந்திப்போம்!